உலக முடிவைச் சுற்றி ஒரு நடை
நிலத்தைப் படித்தறிய ஒரு பாடம்



வேளாண்மை செய்பவருக்கு நடை புதிதல்ல. விதைப்புக்கு முன் வட்டையைச் சுற்றி வருகிறோம். வரம்பு எங்கே உடைந்திருக்கிறது, வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது, பன்றி எந்தப் பக்கத்தால் இறங்கியிருக்கிறது என்பதையெல்லாம் கால்நடையாகவே கண்டுபிடிக்கிறோம். பழகிய காணியில் இதற்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் யுத்தத்தினாலோ, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோளினாலோ இடம்பெயர்ந்து, முன்பின் அறியாத மண்ணில் குடியமர்த்தப்பட்ட குடும்பத்துக்கு அந்த மண் எழுத்துத் தெரியாதவன் கையிலுள்ள புத்தகம் போன்றது. பல ஆண்டுகள் கழித்துச் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களின் நிலையும் இதுதான். தெரிந்த வயல் காடாகியிருக்கும், தெரிந்த பாதை மறைந்திருக்கும்.

புதிய நிலத்தைப் படிக்கும் முறையை இந்தப் பாடத்தில் பார்ப்போம். அதற்கு உதாரணமாக எமது நாட்டில் அதிகம் பேர் நடந்து பார்க்கும் மலைப்பாதை ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அது நுவரெலியா மாவட்டத்திலுள்ள ஹோட்டன் சமவெளியின் சுற்றுப்பாதை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் இந்தப் பாதையின் நடுவில் 'உலக முடிவு' எனப்படும் பெரும் மலைவிளிம்பு உண்டு. அங்கு போக வாய்ப்புள்ள சங்கங்கள் போய்ப் பார்க்கலாம். வாய்ப்பில்லாதவர்கள் இந்தப் பக்கங்களின் வழியாக எம்முடன் நடக்கலாம். பாடத்தின் பிற்பகுதி எல்லோருக்கும் உரியது. அதில் எமது சொந்தக் குடியிருப்பையே சுற்றி நடக்கப் போகிறோம்.

பாடத்தின் நோக்கங்கள்

1. மலை, காடு, நீர், வயல் ஆகியவற்றுக்கிடையேயுள்ள தொடர்பை விளங்கிக்கொள்ளல்.
2. நிலத்தில் போடப்படும் எல்லைக்கோடுகள் யாரால், எதற்காகப் போடப்படுகின்றன என்று கேட்கப் பழகுதல்.
3. எமது குடியிருப்பையும் காணிகளையும் குழுவாகச் சுற்றி நடந்து, நாமே ஒரு வரைபடம் தயாரித்தல்.

1. இடம் எது?

ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயரமுள்ள மேட்டுநிலம். இதன் பரப்பு சுமார் 3,160 ஹெக்டேயர். சிங்கள மக்கள் இதை மகா எலிய என்று அழைத்தனர். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்கு இட்டனர். சமவெளியின் ஓரங்களில் கிரிகல்பொத்த (2,389 மீற்றர்), தொட்டுப்பொல கந்த (2,357 மீற்றர்) ஆகிய சிகரங்கள் நிற்கின்றன.

1969இல் இது வனவிலங்குச் சரணாலயமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் இட்டது.

எமது நாட்டின் தரையமைப்பு மூன்று படிகள் போன்றது. கரையோரச் சமநிலம் முதலாம் படி. ஊவாவின் மேட்டுநிலங்கள் போன்றவை நடுப்படி. நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் மேற்படி. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று மக்களாகிய நாம் கீழ்ப்படியில் வாழ்கிறோம். மேற்படியில் என்ன நடக்கிறது என்பது எமக்கு ஏன் தேவை என்ற கேள்வி எழலாம். போகப் போக அதற்கு விடை காண்போம்.

2. புறப்படுமுன்

கல்முனையிலிருந்து செல்வோர் அம்பாறை, மொனராகலை வழியாகப் பதுளை சென்று, வெலிமடைப் பக்கமாக நுவரெலியாவை அடையலாம். பதுளை புகையிரதப் பாதையிலுள்ள பட்டிப்பொல, ஒஹிய நிலையங்கள் சமவெளிக்கு மிக அண்மையில் உள்ளவை. மழைக்காலங்களில் மலைநாட்டுப் பாதைகளிலும் புகையிரதப் பாதையிலும் மண் சரிவதுண்டு. ஆகவே பாதையின் நிலை, நுழைவுக் கட்டணம், அனுமதி நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். முதல்நாளே மலைநாட்டில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் வாசலை அடைவது நல்லது. காலை ஒன்பது, பத்து மணியளவில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும். அதன்பின் விளிம்பில் நின்றால் வெள்ளைத் திரை ஒன்றையே காணலாம். காலையில் தொடங்கினால் ளுஹர் தொழுகை நேரத்துக்கு முன்னர் நடையை முடித்துவிடலாம்.

இங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இரவில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. எமது கரையோர உடுப்பு இதற்குப் போதாது. ஸ்வெட்டர், காதை மூடும் துணி, மழைக்கவசம், பிடிப்புள்ள சப்பாத்து ஆகியன வேண்டும். இறப்பர் செருப்பு ஈரக்கல்லில் வழுக்கும். நெஞ்சு நோய், தொய்வு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின் செல்வது நன்று.

வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய பிளாஸ்ரிக் தாளையும் உரித்துவிடுவார்கள். இதை வீண் கெடுபிடியாக நினைக்கக்கூடாது. சோற்று மணமும் உப்பும் ஒட்டிய பொலித்தீனை மரைகள் தின்றால் அது வயிற்றில் சிக்கிக்கொள்ளும். சாப்பாட்டை வாழையிலையில் கட்டிப் போனால் ஒரு பிரச்சினையும் இல்லை.

3. நடையும் அவதானிப்பும்

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். அவசரமின்றி நடந்தால் மூன்று அல்லது நான்கு மணித்தியாலம் எடுக்கும். பழைய ஆங்கிலேயர் விடுதியான 'பார் இன்' கட்டடத்தின் அருகிலிருந்து நடை தொடங்குகிறது. பாதையை விட்டு விலகக்கூடாது. சத்தம் போடக்கூடாது. ஐந்து இடங்களில் நின்று பார்ப்போம்.

முதலாவது நிற்குமிடம்: புல்வெளி

முதலில் கண்ணுக்குத் தெரிவது பரந்த புல்வெளி. மலைநாட்டில் இதைப் பத்தனை என்பார்கள். மண்ணைப் பார்த்தால் கறுப்பாக இருக்கும். கறுப்பு மண் என்றதும் விவசாயியின் உள்ளம் மகிழும். 'இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே, எங்களுக்கு ஆளுக்கு இரண்டு ஏக்கர் தந்தால் என்ன?' என்று நினைப்பதும் இயல்பே. ஆனால் இது புளிப்புத் தன்மை கூடிய மண். குளிர் காரணமாகச் செத்தை முழுவதும் உக்காமல் தேங்குவதாலேயே அந்தக் கறுப்பு நிறம் வருகிறது. நிறத்தை மட்டும் பார்த்து மண்ணின் வளத்தைத் தீர்மானிக்க முடியாது.

இதைச் சிலர் நட்டப்பட்டுத் தெரிந்துகொண்டார்கள். சேர் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் பெரும் பண்ணை ஒன்றை ஆரம்பித்தார். இங்கிலாந்திலிருந்து ஆட்களையும், உயர்ரக மாடுகளையும், கருவிகளையும் கொண்டுவந்தார். முதற் பருவங்களில் மண் எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை. மரையும் பன்றியும் பயிரைத் தின்றன, புழு கிழங்கை அழித்தது, மாடுகள் நோயில் இறந்தன. பணவசதி படைத்தவர் என்பதால் அவரால் தாக்குப்பிடிக்க முடிந்தது. கடன் வாங்கிப் பயிரிடும் எமக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு முயற்சி 1960களில் நடந்தது. விதை உருளைக்கிழங்கு உற்பத்திக்காக இந்தச் சமவெளியின் ஒரு பகுதியே உழப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது. கைவிட்டுப் பல பத்தாண்டுகள் கடந்தும் அவ்விடத்தில் பழைய காடு எழும்பவில்லை. குளிரில் மரம் மிக மெதுவாகவே வளரும். கீழ்நாட்டில் சேனை வெட்டிய இடம் பத்துப் பதினைந்து ஆண்டில் பற்றைக்காடாகிவிடும். மேல்நாட்டில் ஒரு தலைமுறை செய்த வேலையின் அடையாளத்தைப் பேரப்பிள்ளைகளும் காண்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த கோர்ஸ் எனப்படும் மஞ்சள் பூவுள்ள முட்செடி புல்வெளியில் பரவியிருப்பதையும் காணலாம். அழகுக்காகக் கொண்டுவந்த செடி இன்று பிடுங்கி முடியாத களையாகிவிட்டது. எமது குளங்களில் ஆற்றுவாழையும் சல்வீனியாவும் செய்ததை இங்கு இது செய்கிறது.

இரண்டாவது நிற்குமிடம்: முகில் காடு

புல்வெளியைக் கடந்ததும் பாதை காட்டுக்குள் நுழைகிறது. மரங்கள் குட்டையாகவும் முறுகியும் நிற்கும். கிளைகளெங்கும் பாசியும் தொங்கும் செடிகளும் மூடியிருக்கும். இதை முகில் காடு என்பர். இந்தக் காடு செய்யும் வேலையை விளங்கிக்கொள்வது இந்தப் பாடத்தின் முக்கிய பகுதி.

மழை பெய்தால்தான் தண்ணீர் என்று நாம் நினைக்கிறோம். இங்கே மழை பெய்யாத நாளிலும் மூடுபனி இலைகளிலும் பாசியிலும் மோதித் துளியாகி நிலத்தில் சொட்டுகிறது. வேர்களுக்கடியிலுள்ள செத்தைமண் பஞ்சு போல அதை உறிஞ்சிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகளுக்கு விடுகிறது. அதனால்தான் கோடையிலும் மலை ஓடைகள் வற்றுவதில்லை. காட்டை வெட்டினால் மழை குறையுமா என்று பலர் வாதிடுவார்கள். விவசாயிக்கு அதைவிட முக்கியமான கேள்வி, பெய்த மழை எத்தனை நாள் மலையில் நிற்கிறது என்பதுதான். வெட்டிய மலையில் மழை ஒரே நாளில் வெள்ளமாக இறங்கி, அடுத்த மாதமே ஓடை வற்றிவிடும்.

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரும் ஆறுகளுக்கும் நீர் வழங்கும் கிளைகள் இந்தச் சமவெளியிலும் அதன் அயலிலும் பிறக்கின்றன. மகாவலி திருகோணமலைப் பக்கமாகவும், களனி கொழும்புப் பக்கமாகவும், வளவை அம்பலாந்தோட்டைப் பக்கமாகவும் கடலில் சேர்கின்றன. நாட்டின் மூன்று திசைகளுக்கு இந்த ஒரே கூரையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது.

இந்தக் காட்டிலும் நோய் உண்டு. 1970களின் பிற்பகுதியிலிருந்து பல இடங்களில் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து நின்றபடியே இறக்கின்றன. மண்ணில் நீர்க்குறைவு, காற்று மாசு எனப் பல காரணங்களை ஆய்வாளர் முன்வைத்துள்ளனர். அதேவேளை நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட ஹோட்டன் சமவெளித் தேவாங்கு இந்தக் காட்டில் உயிருடன் இருப்பதை ஆய்வாளர் படம்பிடித்த செய்தி 2010இல் வெளிவந்தது. காடு மிஞ்சியிருந்தபடியால் அந்தச் சிறு பிராணியும் மிஞ்சியது.

மூன்றாவது நிற்குமிடம்: சிறிய உலக முடிவும் உலக முடிவும்

காட்டிலிருந்து திடீரென வெளிச்சத்துக்கு வருகிறோம். முதலில் வருவது சிறிய உலக முடிவு. மேலும் நடந்தால் பெரிய உலக முடிவு. இங்கே தரை முடிந்து, ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் சரிகிறது. வானம் தெளிவாக இருக்கும் காலையில் சமனலவெவ, உடவளவை நீர்த்தேக்கங்களும், அதற்கப்பால் தெற்குக் கடலும்கூடத் தெரியும்.

இங்கே ஒழுங்கு மிக அவசியம். விளிம்பிலுள்ள கல் பனியில் நனைந்திருக்கும். காற்று திடீரென அடிக்கும். படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி அடிவைப்பது மிகப் பெரும் ஆபத்து. 2015இல் நெதர்லாந்து நாட்டவர் ஒருவர் இவ்விதம் தவறி விழுந்து, கீழே ஒரு மரத்தில் தங்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் இறங்கி அவரை மீட்டனர். எல்லோருக்கும் மரம் கைகொடுக்காது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழுவுக்குப் பொறுப்பானவர் கடைசி ஆளாக விளிம்பை விட்டு வரவேண்டும்.

நான்காவது நிற்குமிடம்: விளிம்புக்குக் கீழே வாழ்வோர்

பெரும்பாலானோர் தூரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாம் நேர்கீழே பார்ப்போம். அங்கே தெரியும் பச்சை, நொன்பெரேல் என்ற தேயிலைத் தோட்டம். மேலே நிற்பவருக்கு அது அழகிய காட்சி. கீழே இருப்பவருக்கு அது கொழுந்துக்கூடையும், லயன் வீடும், மழைநாளில் மலையைப் பார்த்துப் பயப்படும் வாழ்க்கையும் ஆகும்.

இதே தென்சரிவில் கிழக்கே கொஸ்லந்தை இருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அங்குள்ள மீரியபெத்த தோட்டத்தின் லயன் வீடுகளை மண்சரிவு மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை வந்தது உண்மை. ஆனால் எழுந்து போவதற்கு மாற்றுக் காணியும் வீடும் உரிய காலத்தில் அந்தக் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாதவனிடம் 'இந்த இடத்தை விட்டுப் போ' என்று சொன்னால் அவன் எங்கே போவான்? இடம்பெயர்ந்த எமக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆபத்தைக் குறிக்கும் வரைபடத்துடன், போகவேண்டிய இடத்தைக் காட்டும் வரைபடமும் சேர்ந்தே வரவேண்டும்.

ஐந்தாவது நிற்குமிடம்: பேக்கர் நீர்வீழ்ச்சி

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி வருகிறது. ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இந்த நீர் பெலிஹுல் ஓயாவுக்குரியது. அது வளவை ஆற்றுடன் சேர்ந்து சமனலவெவவில் மின்சாரம் தந்து, உடவளவையில் வயல்களுக்குப் பாய்கிறது. இப்போது காலடியில் ஓடும் தண்ணீர் பல மைல்களுக்கு அப்பால் ஒருவரின் நெற்கதிராகிறது.

எமது வயலின் கதையும் இதுவே. கல்லோயா எனவும் பட்டிப்பளை ஆறு எனவும் அழைக்கப்படும் ஆறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறந்து, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, எமது வட்டைகளுக்கு வாய்க்கால் வழியாக வந்து, மீதி கல்முனைக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. 1949இல் இந்தத் திட்டத்தின் அணைவேலை தொடங்கியது. குளத்துக்கு நீர் தரும் காட்டைக் காப்பதற்காகவே 1954இல் கல்லோயா தேசிய பூங்கா அமைக்கப்பட்டது. ஆகவே மலைக்காடு எமது வாய்க்காலின் தலைவாசல். வட்டவிதானை மதகைத் திறப்பதற்கு முன்னரே அங்குள்ள மரங்கள் தண்ணீரைப் பங்கிடத் தொடங்கிவிடுகின்றன. மேற்படியில் நடப்பது கீழ்ப்படியிலுள்ள எமக்கு ஏன் தேவை என்ற கேள்விக்கு விடை இதுதான்.

4. எல்லைக்கோடு என்ற கேள்வி

ஹோட்டன் சமவெளி ஏன் தேயிலைத் தோட்டமாகவில்லை? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காக மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. 1873இல் இங்கிலாந்தின் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விடும்படி ஆலோசனை கூறினார். அரசாங்கம் அதை ஏற்றது. அந்தக் கோடு போடப்பட்டதால்தான் இன்று இந்த ஊற்றுகள் மிஞ்சியிருக்கின்றன. எனவே எல்லைக்கோடு எல்லாம் தீமை என்று சொல்ல முடியாது.

ஆனால் எல்லாக் கோடும் ஒன்றல்ல. கடற்கோளுக்குப்பின் 2005இல் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றும் கோடு போடப்பட்டது. அதே கடல், அதே அலை. அளவு மட்டும் இரண்டு. நெருக்கமாக மக்கள் வாழும் சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களில் 200 மீற்றர் என்பது எத்தனை வளவுகள் என்பதை நாம் அறிவோம். அந்த ஆண்டின் இறுதியில் விதி தளர்த்தப்பட்டது. அதற்குள் பலர் எங்கே கட்டுவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்தனர்.

உள்நாட்டுப் பக்கத்திலும் இதே பிரச்சினை. யுத்த காலத்தில் போகமுடியாமல் விட்ட வயலில் காடு வளர்ந்தது. பின்னர் அந்தக் காட்டையே சாட்சியாகக் கொண்டு அது வனமென்று அடையாளமிடப்பட்ட பிணக்குகள் கிழக்கில் பல. வட்டமடுவில் நெற்செய்கையாளர் ஒரு பக்கம், மாடு வளர்ப்போர் ஒரு பக்கம், வனத் திணைக்களம் ஒரு பக்கம் என முத்தரப்பாகப் பல ஆண்டுகள் நீடித்த பிணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கே முஸ்லிம் விவசாயியும் தமிழ் மாட்டுக்காரரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் நிலை ஏற்பட்டது. இருவருமே வாழ்வாதாரத்துக்காகப் போராடுபவர்கள்.

ஆகவே ஒரு கோட்டைக் கண்டதும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இது எதைக் காக்கிறது? இதைப் போடும்போது அங்கு வாழ்ந்தோரை யாராவது கேட்டார்களா? இதனால் வெளியே தள்ளப்பட்டோருக்கு என்ன வழி செய்யப்பட்டது? முதலாம் கேள்விக்கு நல்ல விடை இருந்தாலும், மற்ற இரண்டுக்கும் விடை இல்லையானால் அந்தக் கோடு நிலைக்காது. களவாக மரம் வெட்டுவோரும், வேலி பிடுங்குவோரும் அங்குதான் உருவாகிறார்கள். கேட்பதற்கு எமக்கும் தகுதி வேண்டும். அந்தத் தகுதி எமது நிலத்தை நாம் அறிந்திருப்பதிலிருந்தே வருகிறது.

5. எமது ஊரில் ஒரு சுற்று நடை

இப்போது செய்முறைக்கு வருவோம். சமவெளியில் செய்ததைப்போலவே, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வகையில் எமது குடியிருப்பையும் காணிகளையும் சுற்றி நடக்க வேண்டும்.

(அ) குழு: எட்டுப் பத்துப் பேர் போதும். அந்த இடத்தைப் பழைய காலத்தில் அறிந்த பெரியவர் ஒருவர், தண்ணீர் அள்ளும் பெண்கள் இருவர், வட்டவிதானை அல்லது கமக்காரர் அமைப்பின் ஒருவர், மாடு மேய்ப்பவர், எழுதத் தெரிந்த ஓர் இளைஞர் அல்லது யுவதி கட்டாயம் இருக்கவேண்டும். அயலில் வேறு இனத்தவர் காணி இருந்தால் அவர்களில் ஒருவரையும் அழையுங்கள். எல்லைச் சண்டையில் பாதி, சேர்ந்து நடக்காததால் வருவதே.

(ஆ) நேரம்: ஒரே பாதையை வருடத்தில் இரண்டு தடவை நடக்க வேண்டும். ஒன்று மாரியில், ஒன்று கடுங்கோடையில். மாரியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே அரிக்கிறது என்று தெரியும். கோடையில் எந்தக் கிணறு முதலில் வற்றுகிறது என்று தெரியும்.

(இ) மண்: நூறு அடிக்கு ஒருமுறை நின்று ஒரு பிடி மண்ணை நனைத்துக் கையில் உருட்டுங்கள். உருட்ட வராமல் உதிர்ந்தால் மணல். உருண்டையாகி, திரித்தால் உடைந்தால் இருவாட்டி. நீளமாகத் திரிந்து வளைந்தால் களி. நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். கடற்கோள் நீர் ஏறிய இடமானால் கிணற்று நீரின் உவர்ப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

(ஈ) சரிவு: தெளிந்த குழாயில் தண்ணீர் விட்டு, இரு தடிகளில் பிடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் உயரம் என்று தெரியும். மேசன்மார் தினமும் செய்யும் வேலை இது. சரிவுக்குக் குறுக்கே வரம்பு கட்ட வேண்டுமே தவிர, சரிவு வழியே கட்டக்கூடாது.

(உ) உயிர்கள்: நிற்கும் மரங்கள், பரவும் களைகள், யானை வரும் பாதை ஆகியவற்றைக் குறியுங்கள். யானையின் பழைய பாதையில் வீடு கட்டிவிட்டு வேலியை மட்டும் நம்புவது ஆபத்து.

(ஊ) அடையாளங்கள்: பழைய குளக்கட்டு, கல்நாட்டு, தூர்ந்த கிணறு, பள்ளிவாசல் அல்லது கோவிலின் அத்திவாரம், வைத்த தென்னை, மா மரங்கள் ஆகியன இங்கு மக்கள் வாழ்ந்ததற்கான சாட்சி. இடங்களின் பழைய பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். பெரியவர்கள் போய்விட்டால் பெயரும் போய்விடும்.

(எ) வரைபடம்: திரும்பி வந்ததும் முதலில் மணலில் தடியால் வரையுங்கள். எழுத்தறியாதவரும் அதைத் திருத்தலாம். எல்லோரும் ஒத்துக்கொண்டபின் பெரிய கடதாசியில் பிரதி செய்யுங்கள். திகதியும், நடந்தவர்களின் கையொப்பமும் வேண்டும். கைப்பேசியால் எடுத்த படங்களையும் சேர்த்து வையுங்கள்.

(ஏ) பத்திரங்கள்: உறுதி, அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு, கமநல நிலையத்தில் உரமெடுத்த துண்டு, இப்படி எதுவானாலும் வீசவேண்டாம். ஒவ்வொரு காணிக்கும் எந்தப் பத்திரம் உண்டு என்று வரைபடத்துடன் ஒரு பட்டியல் இணையுங்கள். மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள். பிரதி மட்டும் கொடுங்கள்.

இந்த வரைபடம் உறுதிப்பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் பிரதேச செயலாளர், கமநல உத்தியோகத்தர், வன உத்தியோகத்தர் முன்னிலையில் பேசும்போது, 'எங்கள் காணி அங்கேதான் எங்கோ இருந்தது' என்று சொல்வதற்கும், 'இந்தக் கிணற்றிலிருந்து இந்தக் கல்நாட்டு வரை, இத்தனை குடும்பம்' என்று சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

6. கலந்துரையாடலுக்கு

1. எமது வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது? பிள்ளைகளுக்கு இது தெரியுமா?
2. எமது பகுதியில் காட்டைக் காக்கப் போட்ட கோடு எது? மக்களைக் கேளாமல் போட்ட கோடு எது?
3. புதிய குடியிருப்பில் முதல் ஆண்டில் நாம் செய்த பயிர்களில் எது தோற்றது? காரணம் மண்ணா, நீரா, விலங்கா, சந்தையா?
4. மாடு வளர்ப்போரும் நெல் விதைப்போரும் சேர்ந்து நடக்கக்கூடிய ஒரு பாதையை எமது ஊரில் குறிப்பிட முடியுமா?
5. ஆபத்தான இடத்தில் வாழும் குடும்பங்கள் எமது பகுதியில் உண்டா? அவர்களுக்கு மாற்றிடம் எது?

ஒவ்வொரு கேள்விக்கும் சங்கக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். அடுத்த முன்மாரிக்கு முன் முதலாவது நடையை முடித்து, மணலில் வரைந்ததைக் கடதாசிக்கு மாற்றிவிடுங்கள். மழை தொடங்கியதும் அதே பாதையில் இரண்டாம் தடவை நடவுங்கள். இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எங்கே விதைப்பது, எங்கே கிணறு தோண்டுவது, எங்கே மரத்தை விட்டுவைப்பது என்பதற்கு விடை அதிலேயே இருக்கும்.